வண்டிக்காரர் போட்ட தடம்: ஸ்டாம்ஃபர்டு, போர்ன் சந்தையூர்களில் ரயிலும் பேருந்தும் பப்பும்

லிங்கன்ஷயரின் தென்கோடியில் உள்ள ஸ்டாம்ஃபர்டில், ஜார்ஜ் விடுதியின் பெயர்ப்பலகை சாலையின் குறுக்கே ஒரு தூலத்தின் மேல் நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் இரண்டு அறைகள். ஒரு கதவில் லண்டன் என்றும் மற்றதில் யார்க் என்றும் எழுதியிருக்கும். லண்டனையும் வடநாட்டையும் இணைத்த பெருஞ்சாலையில் கோச்சு வண்டிக்காகப் பயணிகள் காத்திருந்த அறைகள் அவை. இங்கிலாந்துச் சந்தையூர்களின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் இந்தக் கோச்சு வண்டியில் தொடங்கி, ரயில் அதை வென்றதாக முடிகிறது. ஸ்டாம்ஃபர்டையும் பத்து மைல் தள்ளியுள்ள போர்னையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வரலாற்றில் சந்தைக்கே இடமில்லாமல் போயிருப்பது தெரிகிறது.

சந்தையூர் என்பது நடைதூரத்தால் அளக்கப்பட்ட ஊர். 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரில் வழங்கிய சட்டநூல், ஒரு சந்தைக்கு 6⅔ மைலுக்குள் இன்னொரு சந்தை கூடுவது பழைய சந்தைக்குக் கேடு என்கிறது. கணக்கு எளியது. ஒருநாள் பயணம் 20 மைல். அதில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வாங்கி விற்பதற்கு, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதற்கு.

ரயில் இந்தக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. 1852-இல் திறக்கப்பட்ட லண்டன்–யார்க் நேர்த்தடம் பீட்டர்பரோ வழியாகப் போனது. பீட்டர்பரோ வளர்ந்தது, ஸ்டாம்ஃபர்டு நின்றது. பர்லி மாளிகையின் எக்ஸிட்டர் பிரபு ரயிலைத் தடுத்ததே காரணம் என்று ஊரில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. லெஸ்டரையும் பீட்டர்பரோவையும் இணைக்கும் தடம் 1848-இலேயே ஸ்டாம்ஃபர்டு வழியாக முழுமையடைந்துவிட்டது. 1856-இல் எசெண்டைன் வரை கிளைத்தடம் போட்டு ஊரை நேர்த்தடத்தோடு சேர்த்த முயற்சிக்குப் பெரும் துணையாக நின்றவரும் அதே பிரபுதான். நேர்த்தடம் விலகிப்போனதால் ஊருக்கு ஒரு நன்மையும் விளைந்தது. இடித்துக் கட்டும் தேவை குறைந்ததால் கல்வீடுகள் பிழைத்தன. 1967-இல் இங்கிலாந்தின் முதல் பாதுகாப்புப் பகுதியாக ஸ்டாம்ஃபர்டு அறிவிக்கப்பட்டது.

சந்தையைத் தாங்கியவர்கள் ஊர்ப்புற வண்டிக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டு வணிகக் கையேடுகளைப் புரட்டினால், ஒவ்வொரு சந்தையூருக்கும் அவர்களின் பட்டியல் இருக்கும்: எந்தக் கிராமம், எந்தக் கிழமை, எந்த விடுதி, எத்தனை மணிக்குத் திரும்புவார். காலையில் கிராமத்திலிருந்து கிளம்புவார்; வண்டியில் கோழிக்கூடை, வெண்ணெய், நாலைந்து ஆட்கள். விடுதி முற்றத்தில் குதிரையை அவிழ்த்துக் கட்டுவார். வர முடியாதவர்களுக்காக மருந்தும் நூலும் வாங்குவதும் அவர் வேலைதான். கடைக்காரர்கள் பொட்டலங்களை அந்த விடுதிக்கே அனுப்பிவைப்பார்கள். பின்மதியம் வண்டி திரும்பும். இவர்களை வரலாற்றின் ஓரத்திலிருந்து மீட்டவர் லெஸ்டரின் வரலாற்றாசிரியர் ஆலன் எவரிட். அவர் ஆய்வைப் படித்தவர்கள் கிளைரயிலைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. ரயில் வந்தபின் வண்டிக்காரர்கள் ஒழிந்துவிடவில்லை. நிலையம் இல்லாத கிராமங்களுக்கு அவர்களே கதி.

முதல் உலகப் போருக்குப் பின் இவர்களில் பலர் மோட்டார் வண்டி வாங்கினார்கள். போர்னில் 1890-இல் குதிரைவண்டியோடு தொடங்கிய டெலைன் நிறுவனம், இன்றும் அதே குடும்பத்தின் கையில், பீட்டர்பரோவுக்கும் ஸ்டாம்ஃபர்டுக்கும் பேருந்து ஓட்டுகிறது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை: சந்தையூரின் பேருந்து, ரயில் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வந்ததல்ல, வண்டிக்காரரின் நேர் வாரிசு.

அதே போர்னில் பயணி ரயிலின் கதை ஒரு நூற்றாண்டுகூட நீடிக்கவில்லை. 1860-இல் தடம் வந்தபோது, 17ஆம் நூற்றாண்டு மாளிகையான ரெட் ஹாலே பயணச்சீட்டு அலுவலகமாகவும் நிலைய அதிகாரியின் வீடாகவும் ஆனது. 1959-இல் கடைசிப் பயணி ரயிலும் நின்றது. 2,363 நிலையங்களை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கை வர அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. கிளைத்தடங்களின் சாவுக்கு அந்த அறிக்கையை மட்டும் பொறுப்பாக்குவது எளிது. தேதிகள் அதற்கு இடம் தரவில்லை. மாளிகை மட்டும் இன்றும் நிற்கிறது.

சந்தைநாளின் தனி மதிப்பைச் சட்டமும் அறிந்திருந்தது. முதல் உலகப் போர்க்காலம் முதல் 1988 வரை பிற்பகலில் பப்புகள் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. சந்தைக்கு வருபவர்களுக்காக அருகிலுள்ள பப்புகள் அந்நேரத்திலும் திறந்திருக்க நீதிபதிகள் விலக்கு அளிக்கலாம். பேரம் முடிந்த உழவர்களும் பேருந்துக்குக் காத்திருந்தவர்களும் ஒரே மேசையில் அமர்ந்த பிற்பகல்கள் அவை. 1986 அக்டோபரில் பேருந்துத் தடங்களைச் சந்தைப் போட்டிக்குத் திறந்துவிட்டபின், லாபம் தராத கிராம வண்டிகள் உள்ளாட்சி மானியத்தை நம்பிய நிலைக்கு வந்தன. மானியம் குறையும்போது முதலில் நிற்பது மாலை வண்டி. மாலை வண்டி நின்றால், கிராமத்திலிருந்து வருபவருக்கு ஊர்ப் பப்பின் கதவும் அடைபட்டதாகவே பொருள்.

வெள்ளிக்கிழமை ஸ்டாம்ஃபர்டில் சந்தை. அன்று தெருவில் நடப்பவர், பழைய விடுதிகளின் பக்கவாட்டில் உள்ள வளைவாசல்களை நிமிர்ந்து பார்க்கலாம். மனிதர் நுழைய அத்தனை உயரம் வேண்டியதில்லை. கூரைவரை சுமையேற்றிய வண்டி உள்ளே போய் முற்றத்தில் திரும்புவதற்காக அமைந்த உயரம் அது.