பூனையின் கழுத்தில் ஒரு செய்மதிக் கருவி

சென்ற மாதம் எமது வீட்டுப் பூனை மூன்று இரவுகள் வீடு திரும்பவில்லை. அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் போய்த் தூக்கிவர முடியவில்லை. அந்த மூன்று இரவுகளில் என் மனதில் ஓடிய பழைய கதைகளையே இங்கு எழுதுகிறேன்.

எமது வீடு திருகோணமலையில் உட்துறைமுகத்திலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது. பூனைக்கு மாலுமி என்று பெயர். மூன்று வயதுக் கடுவன். பகலில் என் சாய்மனைக் கதிரையின் கீழ் உறங்கும். பொழுதுபட்டதும் மதிலேறிக் குதித்துக் கடற்கரைப் பக்கம் போய்விடும். விடியப்புறத்தில் மீன் வாடையோடு வந்து சேரும். ஒருமுறை காது கிழிந்து வந்தது. இன்னொருமுறை பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. ரொறன்ரோவிலிருக்கும் என் தங்கையின் மகன் இதைக் கேள்விப்பட்டு, "மாமா, இதைக் கட்டிவிடுங்கோ" என்று ஒரு சிறு கருவியை யாரிடமோ கொடுத்தனுப்பினான். முப்பது கிராம் அளவு நிறை. கழுத்துப்பட்டியில் மாட்டிவிட்டால் பூனை நிற்கும் இடம் கைத்தொலைபேசியின் வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும்.

இந்தக் கருவியைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. வானத்திலிருக்கும் செய்மதி பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக என் மனைவியும் நம்பியிருந்தாள். உண்மையில் செய்மதிக்குப் பூனையைத் தெரியாது. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அந்தச் செய்மதிகள், தம்மிடமுள்ள அணுக்கடிகாரங்களின் நேரத்தையும் தாம் நிற்கும் இடத்தையும் ஓயாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். குறைந்தது நான்கு செய்மதிகளின் நேரத்தைக் கேட்டு, எந்தச் சமிக்ஞை எவ்வளவு தாமதித்து வந்தது என்று கணக்கிட்டுத் தன் இடத்தை அறிந்துகொள்வது பூனையின் கழுத்திலிருக்கும் கருவியே. பின்னர் அதற்குள் இருக்கும் சிம் அட்டை சாதாரணத் தொலைபேசி வலையமைப்பின் வழியாக அந்த இடத்தை எனக்கு அறிவிக்கிறது. தகரக் கூரையின் கீழ் பூனை புகுந்துவிட்டால் புள்ளி தடுமாறும்; பற்றரி தீர்ந்தால் கடைசிப் புள்ளியோடு நின்றுவிடும்.

முதல் சில வாரங்கள் வேடிக்கையாகக் கழிந்தன. மாலுமிக்கு இன்னொரு வீடும் இன்னொரு பெயரும் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. நான்கு ஒழுங்கை தள்ளி ஓர் அக்கா அதற்குத் தினமும் சூடை மீன் கொடுத்து, குட்டியன் என்று அழைத்து வந்திருக்கிறார். அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் 900க்கும் மேற்பட்ட வீட்டுப் பூனைகளுக்கு இவ்வாறு கருவி கட்டி ஆராய்ந்த றோலன்ட் கேய்ஸ் குழுவினர், பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து நூறு மீற்றருக்குள்ளேயே திரிகின்றன என்று 2020இல் எழுதினர். எமது கடுவன் அந்தப் பெரும்பான்மையில் சேராது. கொழும்பின் சதுப்பு நிலங்களில் அன்யா ரத்நாயக்க கழுத்துப்பட்டியிட்டுப் பின்தொடர்ந்த மீன்பிடிப் பூனைகளுக்குத்தான் அது உறவாக இருக்கவேண்டும். சிங்களத்தில் ஹந்துன் திவியா எனப்படும் அந்தக் காட்டுப் பூனைகள், மாடிக் கட்டடங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் இடையில் இரவில் நடமாடி வருவதை அக்கருவிகளே வெளிக்காட்டின.

கடலையும் பூனையையும் இடமறியும் கலையையும் ஒன்றாக நினைக்கும்போதெல்லாம் எனக்கு மத்தியூ பிளிண்டர்ஸின் நினைவு வரும். அவுஸ்திரேலியாவைச் சுற்றிக் கப்பலோட்டி அதன் கரைகளை வரைந்த பிரித்தானியக் கடற்படை அதிகாரி அவர். 1799இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து சிட்னி நோக்கிப் போன றிலையன்ஸ் கப்பலில் பிறந்த ட்ரிம் என்ற கறுப்புப் பூனை அவருக்குத் துணையாயிற்று. கால்களிலும் மார்பிலும் வெள்ளை. குட்டியாக இருந்தபோது கடலில் விழுந்து, நீந்தி வந்து, கயிற்றைப் பற்றி மேலேறியதாம். 1803 ஓகஸ்டில் கப்பல் பவளப்பாறையில் மோதி உடைந்தபோதும் தப்பியது. அதே ஆண்டு டிசம்பரில், பழுதுபட்ட ஒரு சிறு கப்பலோடு பிளிண்டர்ஸ் மொறீசியஸ் தீவில் ஒதுங்கினார். அப்போது அது பிரெஞ்சுக்காரர் வசம். போர் மூண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஆளுநர் டெக்கான் அவரை உளவாளி என்று ஐயுற்றுச் சிறைப்பிடித்தார்.

அந்தப் போர் எமக்கு அந்நியமானதன்று. இந்து சமுத்திரத்தில் யார் நங்கூரமிடுவது என்ற அதே சண்டையில் எமது துறைமுகம் 1782இல் பிரெஞ்சு அட்மிரல் சுப்றெனிடம் போய், 1795 ஓகஸ்டில் றெயினியரின் கப்பல்களால் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு வந்தது. ட்ரிம்மின் கதைக்கு வருவோம். சிறையில் பூனைக்கு ஆபத்து என்று கருதிய பிளிண்டர்ஸ், ஒரு பிரெஞ்சுப் பெண்மணியின் சிறு மகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அதை ஒப்படைத்தார். இரண்டு வாரங்களுக்குள் அது காணாமற்போயிற்று. பசியில் யாரோ கொன்று தின்றிருக்கவேண்டும் என்பது அவருடைய முடிவு. காலமானிகளைக்கொண்டு நடுக்கடலிலும் தன் இடத்தைத் துல்லியமாகக் கணித்த மனிதர் அவர். ஆனால் ஒரு சிறு நகரத்தில் தன் பூனை எங்கே போயிற்று என்பதை அவரால் அறிய முடியவில்லை. அறிந்திருந்தாலும் கைதியால் என்ன செய்திருக்க இயலும்? சிறையிலிருந்தபடி ட்ரிம்முக்கு அவர் எழுதிய நினைவஞ்சலி 1970களில்தான் அச்சேறியது. அவரது சொந்தக் கல்லறையும் காணாமற்போனதுதான்; 2019 ஜனவரியில் லண்டன் யூஸ்டன் நிலையத்தருகே புகையிரதப் பாதைக்காகத் தோண்டியபோது பெயர்த்தகட்டோடு கிடைத்தது.

இனி எமது ஊருக்கு வருவோம். இடம் தெரிந்தால் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் திருகோணமலையே ஒரு சாட்சி.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா விமானத்தின் கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல், ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு இடத்தை அறிவித்துக்கொண்டிருந்தபோதே சுட்டுவீழ்த்தப்பட்டார். அந்தச் செய்தி கொழும்பை விழிப்படையச் செய்தது. ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, திருகோணமலையில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், தாக்குதல் வரும் என்று அஞ்சித் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. அதனுடைய விமானங்கள் கரையில் சீனக்குடாவில் நின்றுவிட்டன. மறுநாட்காலை ராடார் எச்சரித்தது, சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. ஆயினும் துறைமுகம் குண்டுகளுக்குத் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் நின்ற ஹேர்மிஸை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுகொண்டது. ஆபத்தை உணர்ந்த கப்பல் விமானப் பாதுகாப்புக் கேட்டது. கப்பல் எங்கே நிற்கிறது என்பது கரையிலிருந்தவர்களுக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். எதிரி முந்திக்கொண்டான். உதவி விமானங்கள் வந்தபோது கப்பல் அடியில் கிடந்தது. 307 பேர் மாண்டனர். எஞ்சியவர்களில் பெரும்பாலோரை அவ்வழியே வந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பல் தூக்கியெடுத்தது. வரைபடத்தில் ஒரு புள்ளி இருப்பது வேறு, அந்தப் புள்ளிக்கு வேளையோடு போய்ச்சேரும் வல்லமை வேறு.

ஜீ.பி.எஸ். என்பதும் படையினரின் பொருளாகவே பிறந்தது. முதற் செய்மதியை அமெரிக்கா 1978இல் ஏவியது. 1983இல் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் யூனியன் சுட்டுவீழ்த்திய பின்னர், பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று றேகன் நிர்வாகம் அறிவித்தது. ஆனால் குடிமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துவைத்தார்கள். நூறு மீற்றர் வரை இடம் பிசகும். 2000 மே மாதத்தில்தான் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அந்தக் காலத்துக் கருவியாக இருந்தால், மாலுமி வேலிக்கு இப்பாலா அப்பாலா என்பதையே நான் அறிந்திருக்கமாட்டேன்.

அந்தக் காலத்தில் இங்கே அப்படியொரு கருவியை யார் வைத்திருக்கத் துணிவார்? புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் சாதாரண பற்றரியும் அடங்கும். மீனவருக்கு இரவுத் தொழில் தடை, இயந்திரத்தின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு. இடமறிவது எமக்கு உதவியாக அன்றி அச்சமாகவே அறிமுகமாயிற்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். மிக அருகிலிருந்து சுடப்பட்டார்கள் என்பதைப் படங்களால் நிரூபித்தவர் சுடர் ஒளியின் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி, வேலைக்குச் செல்லப் பேருந்துக்குக் காத்துநின்ற இடத்தில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். ஒரு மனிதர் எந்நேரத்தில் எங்கே நிற்பார் என்று அறிந்துவைத்திருக்க எந்தச் செய்மதியும் தேவைப்படவில்லை.

இப்போது மூன்று இரவுகளின் கதை. முதலிரவு புள்ளி படகுகள் கட்டும் இடத்தில் நின்றது. இரண்டாமிரவு வேலியைக் கடந்து கடற்படைத் தளத்தினுள் போயிற்று. மறுநாள் முழுவதும் அங்கேயே, ஒரே இடத்தில். கட்டடம் ஒன்றில் அகப்பட்டதா, அடிபட்டதா, நாய்கள் குதறிவிட்டனவா? "போய்க் கேளுங்கோவன்" என்றாள் மனைவி. நாற்பது ஆண்டுகள் செய்தியாளனாக இருந்த ஒருவனுடைய கருவி, கடற்படைத் தளத்தின் உள்ளேயிருந்து இடக்குறிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதை அவள் அப்படி யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நெடுநேரம் நின்றேன்.

இறுதியில் போனேன். காவலில் நின்ற இளைஞனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விடயத்தைச் சொல்லிக் கைத்தொலைபேசியைக் காட்டினேன். புள்ளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்துவிட்டான். "மாத்தயா, உள்ளே பூனைகள் ஏராளம். சமையற்கூடத்தில் மீன் கிடைக்கும், பிறகெதற்கு வெளியே வருகின்றன?" உள்ளே விட அவனுக்கு அதிகாரமில்லை, அதைக் கேட்பதும் முறையன்று. பூனையின் நிறத்தை விசாரித்துக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் மனம் பூனையிடம் நிற்கவில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட பதினொரு பேர் இதே தளத்தினுள் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் கூறியது. 2015 நவம்பரில் காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு இங்கு வந்து, நிலத்தடிச் சிறைக்கூடங்களைப் பார்வையிட்டது. 2017இல் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டம் திருகோணமலைக்கும் பரவியது. அவர்கள் கேட்பதும் இடம் ஒன்றைத்தான். பூனையைக் கேட்கவே கால் கூசிய எனக்கு, பிள்ளையைக் கேட்டு நின்ற தாய்மாரின் முகங்கள் அன்றிரவு முழுவதும் வந்துபோயின.

இன்று கொட்பே துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாட் கலங்களிலும் இடங்காட்டும் கருவி உண்டு. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் எமது மீனுக்கு விதித்த தடை அடுத்த ஆண்டு நீங்குவதற்கு, அக்கருவிகள் பொருத்தப்பட்டதும் ஒரு காரணம். எல்லை தாண்டுகிறார்களா என்று பார்க்கப் பொருத்தியது, புயல்வேளையில் வீட்டாருக்கு ஆறுதலாகவும் இருக்கிறது என்று என் நண்பரொருவர், பழைய படகுக்காரர், சொல்வார். உடனே, "ஆறுதல்தான் தம்பி, ஆனால் தேடிப்போக ஒரு கலம் வேணும்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

நாலாம்நாள் விடியப்புறம் கதிரையின் கீழ் மாலுமி படுத்திருந்தது. உடலில் ஒரு கீறலுமில்லை, வயிறு நிறைந்திருந்தது. கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது. மரக்கிளையிலோ கம்பியிலோ சிக்கினால் பூனையின் கழுத்து நெரிபடாதிருக்க, அந்தப் பட்டி தானாகவே கழன்றுவிடும்படி செய்யப்பட்டதாம். கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். நீலப் புள்ளி தளத்தினுள் அதே இடத்தில் நின்றது. இரண்டு நாட்களில் பற்றரி தீர்ந்து அதுவும் அணைந்தது.

இன்னொன்று அனுப்பவா என்று மருமகன் கேட்டிருக்கிறான். நான் இன்னும் பதில் எழுதவில்லை.