வணக்கம் சொல்லும் தூரம்

போன மாதம் ஹூஸ்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினவர். சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்புப் பிஸ்டல். பக்கத்தில் அளவுக்காக அவருடைய ஃபோன். "பாரன் தங்கச்சி, எவ்வளவு மெல்லிசு. ரீசேர்ட்டுக்குள்ள வைச்சா ஆருக்கும் தெரியாது" என்று கீழே எழுதியிருந்தார். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1இலிருந்து, சட்டத் தடை இல்லாத 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு திரியலாம். அண்ணா இன்னும் வாங்கவில்லையாம், ரெண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். எது நல்லம் என்று என்னிடமும் ஒரு கேள்வி.

மண்டைதீவில் இருக்கிற எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று யூடியூப்பில் நாலைந்து விமர்சனங்கள் பார்த்தேன். பின்னால் இருந்து எட்டிப் பார்த்த அம்மம்மா "உந்தச் சாமானை ஏன் பாக்கிறாய், நிப்பாட்டு" என்றார். துவக்கைச் 'சாமான்' என்று சொல்லிப் பழகிய தலைமுறை. பெயரைச் சொன்னாலே யாரோ கேட்டுவிடுவார்கள் என்ற பயம் அந்தச் சொல்லுக்குள் இன்னமும் இருக்கிறது.

அந்த விமர்சனங்களில் எல்லாரும் அளப்பது ஒரே விஷயங்களைத்தான். அகலம் ஓர் அங்குலத்துக்குள் நிற்கிறதா, பாரம் அரைக் கிலோவைத் தாண்டுகிறதா, எத்தனை ரவை கொள்ளும், காருக்குள் இருக்கும்போது இடுப்பில் குத்துமா. 2018இல் வந்த சிக் சவர் பி365 என்ற மாதிரி, அவ்வளவு சின்ன உடம்புக்குள் 10 ரவை வைத்ததால் இந்தச் சந்தையையே மாற்றிவிட்டது என்கிறார்கள். எல்லாம் சரி. எவ்வளவு தூரத்துக்கு இந்தச் சாமான் என்பதில்தான் அவர்கள் அதிகம் மினக்கெடுவதில்லை. சின்னக் குழல், சின்னக் கைப்பிடி. பயிற்சி இல்லாதவர் கையில் அது சில அடிகளுக்குத்தான் நம்பகமானது. ஒருவருக்கு வணக்கம் சொல்லுகிற தூரம். அந்தத் தூரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் பாதி எங்கட வரலாறு.

கதை பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹெர்ஸ்டால் என்ற ஊரில் தொடங்குகிறது. பெல்ஜிய இராணுவத்துக்கு மவுசர் ரைஃபிள் செய்து கொடுப்பதற்காக 1889இல் அங்கே எஃப்.என். தொழிற்சாலை உருவானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர் ஜோன் மோசஸ் பிரவுனிங்கின் வடிவமைப்பு ஒன்றை வாங்கி, அந்தத் தொழிற்சாலை செய்த பிஸ்டல்தான் 'மாதிரி 1900'. அதற்கு முன் மறைத்து வைக்கக்கூடியது என்றால் ரிவோல்வர்தான். அதன் நடுவில் ரவைகள் சுற்றும் உருளை வயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கும், சட்டைக்குள் வைத்தால் தெரியும். பிரவுனிங் ரவைக்கூட்டைக் கைப்பிடிக்குள் வைத்தார். சுட்டதும் மேல்பகுதி தானாகப் பின்னுக்குப் போய் வெற்றுக் கோதைத் துப்பிவிட்டு, முன்னுக்கு வரும்போது அடுத்த ரவையை ஏற்றும். 7.65 மில்லிமீற்றர் ரவை 7, நீளம் கிட்டத்தட்ட 17 சென்ரிமீற்றர், பாரம் 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டை. லட்சக்கணக்கில் விற்றது. பிரெஞ்சு மொழியில் 'பிரவுனிங்' என்பதே பிஸ்டலுக்கு இன்னொரு பெயராகிவிட்டது.

தொழிற்சாலை இதைக் கனவான்களின் தற்காப்புக்கென்றுதான் விற்றது. அது போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கோ. 1904 ஜூன் 16, ஹெல்சிங்கி. பின்லாந்தை ஆண்ட ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவை அரச கட்டடப் படிக்கட்டில் ஒய்கன் ஷௌமன் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். 1909 ஒக்ரோபர் 26, ஹார்பின் ரயில் நிலையம். கொரியாவில் ஜப்பானின் முதல் ரெசிடென்ட் ஜெனரலாக இருந்த இதோ ஹிரோபுமியை அன் ஜுங்-குன் சுட்டார். அதே வருஷம் டிசம்பர் 21இல் நாசிக்கில் ஒரு நாடக அரங்கில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டார். மூன்று இடத்திலும் பிரவுனிங்.

பிறகு எங்கட மொழிக்காரர். 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பு. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போக முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிக் கிட்ட நின்று சுட்டுவிட்டு, நிலையக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் இந்தியர் யாரும் ஆயுதம் வைத்திருக்க முடியாத காலம் அது. பிரிட்டிஷ் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் அவருக்குச் சுடப் பழக்கினார். பள்ளிக்கூடப் பாடத்தில் வாஞ்சி வீரன் என்பதோடு கதை முடியும். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் சுதந்திரத்தோடு சேர்த்துச் சனாதன தர்மத்துக்காகவும் கவலைப்பட்டது என்பதைப் பாடம் சொல்வதில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'ஆஷ் அடிச்சுவட்டில்' புத்தகத்தைத் தேடிப் படியுங்கோ, ஆஷ் என்ற ஆளும் ஆளாகத் தெரிவார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1914 ஜூன் 28இல் சரயேவோவில் பிரின்சிப் வைத்திருந்தது இதே தொழிற்சாலையின் பிந்திய மாதிரி ஒன்று, 1910. சட்டையில் சிக்கக்கூடிய எல்லாம் தேய்த்து வழவழப்பாக்கிய வடிவம். அதில் வெடித்த ரவைக்குப் பிறகு என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும்.

இதுவரை சொன்னவற்றில் சுடப்பட்டவர்கள் அதிகாரிகள், இளவரசர். சுட்டவர் அவர்களுக்குக் கிட்டப் போனது ரயில்பெட்டியிலோ படிக்கட்டிலோ கூட்டத்திலோ. இனி வருவதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

1948 ஜனவரி 30, டில்லி பிர்லா மாளிகை. பத்து நாளுக்கு முன் அதே வளவில் குண்டு வெடித்திருந்தது. பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதிக்கவேண்டும் என்று பட்டேல் கேட்டார், காந்தி ஒத்துக்கொள்ளவில்லை. கோட்சே கும்பிட்டுவிட்டு மூன்று முறை சுட்டார். துவக்கு இத்தாலியில் செய்த பெரெட்டா 1934, கிட்டத்தட்ட 15 சென்ரிமீற்றர் நீளம். இன்றைய விமர்சகர்களும் 'கொம்பக்ட்' என்றுதான் சொல்லுவார்கள்.

1959 செப்ரெம்பர் 25, கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தன் வீட்டு விறாந்தையில் ஆட்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். கண் வைத்தியரான தல்துவே சோமராம தேரர் வந்தார். பிரதமர் குனிந்து வணங்கினார். பிக்கு காவி உடைக்குள்ளிருந்து ரிவோல்வரை எடுத்துச் சுட்டார். அடுத்த நாள் பிரதமர் இறந்தார். இங்கே ஒரு விசேஷம் இருக்கிறது. அந்த வெப்லி ரிவோல்வர் மெல்லிசே இல்லை. 28 சென்ரிமீற்றர் நீளம், ஒரு கிலோவுக்கு மேல் பாரம், முதலாம் உலகப்போர்க் காலத்து இரும்பு. டெக்சாஸ் அண்ணாவின் அளவுகோலில் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். ஆனால் காவியைத் தடவிப் பார்க்க இந்த நாட்டில் யாருக்குத் துணிவு வரும்? மறைத்தது மரியாதை.

யாழ்ப்பாணத்துக்கு வருவம். 1975 ஜூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போனபோது கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1978 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் அதற்கு உரிமை கோரினார்கள். இன்றுவரைக்கும் எங்கட ஊர்களில் அந்த நாளைத் தொடக்கம் என்று கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், தொடக்கம் என்று நொந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் ரெண்டாவது பக்கம். துரையப்பாவின் அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் கோயிலுக்கு வந்த ஆள்.

1989 ஜூலை 13, கொழும்பு. கூட்டணித் தலைவர்கள் இருந்த வீட்டுக்குப் புலிகளின் பக்கத்திலிருந்து பேச வந்தவர்கள் மூன்று பேர். வருகிறவர்களைச் சோதித்தால் அவமதிப்பாக எடுப்பார்கள், சோதிக்கவேண்டாம் என்று வீட்டிலிருந்தே சொல்லப்பட்டிருந்தது. உள்ளே கதை நடந்தது, தேத்தண்ணி கொடுத்தார்கள். அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் இருந்த இடத்திலேயே சுடப்பட்டார்கள். சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். வந்த மூவரையும் சுட்டது காவலுக்கு நின்ற சிங்களப் பொலிஸ்காரர். ஒன்பது வருஷம் கழித்து, 1998 மே 17இல், யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி யோகேஸ்வரன், அப்போது யாழ்ப்பாண மேயர், தன் வீட்டிலேயே சுடப்பட்டார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி விட்டால் அதுவும் பொய்தான். 2000 ஒக்ரோபர் 19 இரவு, யாழ்ப்பாணம் முழுக்க ஊரடங்கு, சந்திக்குச் சந்தி ஆமி. பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜனை யன்னலுக்கு வெளியே நின்று சுட்டுவிட்டு, வீட்டுக்குள் கைக்குண்டும் எறிந்துவிட்டுப் போனார்கள். அந்த மாதத்துத் தேர்தல் மோசடிகளை, எங்கட தீவுப்பகுதியில் நடந்ததையும் சேர்த்து, அவர் எழுதியிருந்தார். ஊரடங்கு நேரத்தில் துவக்கோடு அவ்வளவு தூரம் நடக்க யாரால் முடியும் என்று அம்மம்மா இப்பவும் கேட்பார். அவர் பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

இந்தப் பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு எங்கட மண்டைதீவுச் சந்தி நினைவுக்கு வந்தது. 1990இல் ஆமி தீவுகளுக்குள் இறங்கி, மண்டைதீவு வழியாகக் கடலைக் கடந்து கோட்டைக்குப் போனது. அந்த ஓகஸ்ட் மாதம் இங்கேயும் அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் பிடித்துக்கொண்டு போன பெடியள் திரும்பி வரவில்லை. சனம் இடம்பெயர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நான் சின்னனாக இருக்கேக்க, பண்ணைப் பாலத்தால் பட்டணத்துக்குப் போகிற பஸ்ஸை மறிப்பார்கள். எல்லாரும் இறங்கி வரிசையாக நடக்கவேண்டும். ஆம்பிளையள் கையை உயர்த்தி நிற்பார்கள், சாரத்து மடியைத் தடவிப் பார்ப்பார்கள். பொம்பிளையளுக்குத் தனியாக ஒரு தட்டி மறைப்பு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அதற்குள் போவேன். அம்மாவின் சேலைக் கொசுவத்தை ஒரு கை அமத்திப் பார்க்கும், என் பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகக் கொட்டும். பென்சில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஏன் பென்சில் பெட்டி என்று அப்போது விளங்கவில்லை.

இப்போது விளங்குகிறது. வன்னிப் பக்கத்து இடியன் துவக்கை ஒருவரும் சேலைக்குள் ஒளிக்க முடியாது. ஏகே-47ஐயும் முடியாது. சேலை மடிப்பையும் பென்சில் பெட்டியையும் தேடுகிறவன் தேடுவது இந்த மெல்லிசுச் சாமானையும் அது மாதிரியான குண்டுகளையும்தான். ஹெர்ஸ்டாலில் உருளையை எடுத்துவிட்டுத் தட்டையாக்கிய அந்த வேலையின் கடைசி விலையை, ஒருநாளும் பிஸ்டலைத் தொட்டே பார்க்காத எங்கட அம்மாமார் தட்டி மறைப்புக்குள் நின்று கட்டினார்கள். துவக்கு வைத்திருந்தவன் எப்படியோ தாண்டிப் போனான். நிமலராஜனைச் சுட்டவன் அத்தனை சென்றியையும் தாண்டித்தானே போனான்.

அண்ணாவுக்கு ஒரு பயம் இருக்கிறது, அதை நான் பகிடி பண்ணவில்லை. அவர் இரவு வேலை செய்கிற பெற்றோல் ஸ்டேசனில் ஒருமுறை கொள்ளை நடந்தது. அங்கத்தைய சட்டம், அங்கத்தைய பயம். ஆனால் எல்லாருடைய இடுப்பிலும் இருக்கலாம் என்ற ஊரில் ஒருவர் கிட்ட வந்து "ஹலோ" சொன்னால் எங்கே பார்ப்பது, முகத்தையா இடுப்பையா? காந்தியும் அமிர்தலிங்கம் வீட்டாரும் முகத்தைப் பார்த்தார்கள். சென்றிப் பொயின்ற்காரன் இடுப்பைப் பார்த்தான். ரெண்டாவது மாதிரி இருபது வருஷம் பார்க்கப்பட்டவர்கள் நாங்கள். அது பழகிவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதேங்கோ.

இதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதினால் அண்ணா வாசிக்க மாட்டார். அதனால் சின்னதாக ஒன்று கேட்டேன். அடுத்த வருஷம் அவர் ஊருக்கு வருகிறார், எங்கட திருவெண்காட்டுப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு. "அண்ணா, இங்க கோயிலுக்குள்ள சேட் கழட்டவேணும். பழகின இடுப்பு வெறுமையா இருந்தா என்ன செய்வியள்?"

முதலில் சிரிக்கிற எமோஜி நாலு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா சொன்னவர், துரையப்பாவைச் சுட்ட அண்டைக்குத் தானும் பொன்னாலைப் பக்கம் போக இருந்ததாம்" என்று ஒரு வரி. பெரியப்பா இதை எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பிஸ்டலைப் பற்றி அண்ணா பிறகு ஒன்றும் எழுதவில்லை. வாங்கினவரோ தெரியாது, நானும் கேட்கவில்லை.