பயின்ற பள்ளியும் சேர்க்கை நீதியும்: தமிழ்நாட்டுத் தொழிற்கல்விச் சேர்க்கை வழக்குகள் (1951–2022)

முன்னுரை

மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்கல்வி இடங்களை எவ்வாறு பகிர்ந்தளிப்பது என்னும் வினா தமிழ்நாட்டில் எழுபது ஆண்டுகளாக நீதிமன்றங்களின் முன் வைக்கப்பட்டு வருகிறது. இவ்வரலாறு பெரும்பாலும் வகுப்புவாரி இடஒதுக்கீட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதனோடு இணைந்து செல்லும் மற்றொரு சிக்கலும் உண்டு. அது மாணவர் பயின்ற பள்ளியைப் பற்றியது. தேர்வுமுறை மாறியபோதெல்லாம் அதற்கேற்பப் பயிற்சியளிக்க வல்ல தனியார் பள்ளிகளே மேலோங்கின. சட்டமோ நெடுங்காலம் தேர்வுமுறையை ஆராய்ந்ததேயன்றி, அதற்கு முந்தைய பள்ளிக் கல்வியை ஆராயவில்லை. இக்கருத்தை முதன்மையான வழக்குகள், சட்டங்கள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

மாவட்டமும் நேர்காணலும்

1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவகுத்தது. பின்னர், மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்ட மக்கள்தொகைக்கேற்பப் பகிரும் முறையைச் சென்னை அரசு மேற்கொண்டது. 1968இல் இராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அம்முறையை நீக்கியது. கல்வி வசதி மிகுந்த சென்னை நகர மாணவர் பிற மாவட்டத்தாரைக் காட்டிலும் சாதகமான நிலையில் உள்ளனர் என்ற வாதம் அவ்வழக்கில் முன்வைக்கப்பட்டும் ஏற்கப்படவில்லை. பள்ளிகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு, 'மாவட்டம்' என்னும் பெயரில் நீதிமன்றத்தை அடைந்த தொடக்கநிலைச் சான்றாக இதனைக் கொள்ளலாம்.

பெரியகருப்பன் வழக்கில் நேர்காணல் விவாதப் பொருளாயிற்று. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அது மிகையெனத் தோன்றுவதாக உச்ச நீதிமன்றம் கருதியது. கூறுகளாகப் பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் வழங்கியதையும் குறை கண்டது. தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடங்கொடாத அளவீடே நியாயமானது என்ற எண்ணம் இவ்வகைத் தீர்ப்புகளால் வலுப்பெற்றது.

நுழைவுத் தேர்வும் அதன் நீக்கமும்

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு அறிமுகப்படுத்தப்பட்டது. தேர்வுத்தாள் அனைவருக்கும் பொதுவாயிருப்பினும் அதற்கான பயிற்சி பொதுவாயில்லை. நகர்ப்புறப் பயிற்சி மையங்களை அணுக இயலாத சிற்றூர் மாணவர் பின்தங்கினர் என்ற குறை வளர்ந்தது. 2005இல் பிறப்பிக்கப்பட்ட நீக்க ஆணையும், 2006இன் தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டமும் உயர் நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை. பின்னர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் ஆய்வை அடியொற்றி இயற்றப்பட்ட புதிய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது.

வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்படுத்தும் முறையை இச்சட்டம் வகுத்தது. வாரியங்களுக்கிடையிலான வேறுபாடு இங்ஙனம் சட்டத்தின் கணக்கில் இடம்பெற்றது. ஒரே வாரியத்துக்குட்பட்ட அரசுப் பள்ளிக்கும் கட்டண உறைவிடப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு இடம்பெறவில்லை. சமச்சீர் கல்வி வழக்கிற்கும் இக்கூற்றுப் பொருந்தும். மெட்ரிகுலேஷன் பள்ளிகள் உள்ளிட்ட நான்கு வகைப் பாடத்திட்டங்களை ஒன்றாக்கிய 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை உடனே செயற்படுத்துமாறு 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இதனால் பாடநூல் பொதுவாயிற்று. கற்பிக்கும் சூழல் பொதுவாகவில்லை.

மதிப்பெண் ஒன்றே அளவுகோல்

நுழைவுத் தேர்வு நீங்கியபின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கையை முடிவுசெய்தது. நாமக்கல் முதலிய பகுதிகளின் உறைவிடப் பள்ளிகள் இதில் தனித்தேர்ச்சி பெற்றன. பதினோராம் வகுப்புப் பாடங்களைக் கைவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே பயிற்றும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பரவியது. மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் படங்கள் பள்ளி விளம்பரங்களாயின. 2017இல் அரசு தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியதும், பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வைக் கொணர்ந்ததும் இப்போக்கினை ஒப்புக்கொண்டமைக்குச் சான்றுகளாகும். ஆயினும் 2018இல், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே கணக்கிடப்படும் என்ற முடிவு எடுக்கப்பட்டமையால், அச்சீர்திருத்தத்தின் வலு குறைந்தது.

2017 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அவ்வாண்டு மாநில ஒதுக்கீட்டில் 85 விழுக்காட்டு இடங்களை மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு ஒதுக்கிய அரசாணையை உயர் நீதிமன்றம் நீக்கியது. அவ்வாணையும் வாரியத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. அது நிலைத்திருந்தாலும், மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய தனியார் பள்ளி மாணவரும் அதன் பயனைப் பெற்றிருப்பர்.

பள்ளியே சட்ட வகைமையாதல்

நீதிபதி பொ. கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவருக்கு 10 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது; அரசு 7.5 விழுக்காட்டை ஏற்றது. 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமுன்வரைவுக்கு அக்டோபர் 30 அன்று ஆளுநர் ஒப்புதல் அளித்தார். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோரே இச்சட்டத்தின் பயனாளர். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் பயின்று, பின் அரசுப் பள்ளியில் தொடர்ந்தோரும் இதில் அடங்குவர். வறுமையால் தனியார் பள்ளியில் தொடர இயலாதோரையும் சட்டம் கருத்திற்கொண்டமையை இப்பிரிவு காட்டுகிறது. முதலாண்டிலேயே நானூறுக்கும் மேற்பட்ட மருத்துவ, பல்மருத்துவ இடங்கள் இவ்வொதுக்கீட்டில் அமைந்தன. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இவ்வகை ஒதுக்கீடு விரிவாக்கப்பட்டது.

இச்சட்டத்தை 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. தேர்வு நாளன்று அனைவருக்கும் ஒரே தாள் வழங்குவது மட்டும் சமத்துவமாகாது என்னும் கருத்து இதனால் சட்ட ஏற்புப் பெற்றது. எனினும் வரம்பு பற்றிய வினா தீரவில்லை. ஒரே சிற்றூரில், ஒத்த பொருளாதார நிலையில் வாழும் இருவருள் அரசுப் பள்ளி மாணவர் ஒதுக்கீட்டிற்கு உரியவராகிறார். அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் விலக்கப்படுகிறார்.

முடிவுரை

நேர்காணல், நுழைவுத் தேர்வு, பொதுத்தேர்வு மதிப்பெண் ஆகிய ஒவ்வொன்றும் நியாயத்தின் பெயரால் கொணரப்பட்டதே. ஒவ்வொன்றன் குறையும் வெளிப்பட்டபோது அளவுகோல் மாற்றப்பட்டது. பள்ளிகளுக்கிடையிலான இடைவெளி மட்டும் எஞ்சியது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விடைவெளியை வெளிப்படையாக ஏற்றது. அதனாலேயே அதற்குள் ஒரு முரணும் அமைந்துள்ளது: அரசுப் பள்ளிகளின் பின்னடைவு நீடிக்கும்வரைதான் இவ்வொதுக்கீட்டிற்கு நியாயம் உண்டு. ஐந்தாண்டுகளுக்குள் மறுஆய்வு செய்யவேண்டும் என்ற நீதிமன்றத்தின் அறிவுறுத்தல் இங்குப் பொருள் பெறுகிறது. நிரப்பப்பட்ட இடங்களை எண்ணுவதோடு அம்மறுஆய்வு நின்றுவிடலாகாது. அரசுப் பள்ளியின் ஆய்வகம், ஆசிரியர் பணியிடம், பதினோராம் வகுப்புக் கற்பித்தல் ஆகியன மேம்பட்டுள்ளனவா என்பதையும் அது அளவிட வேண்டும். அவை மேம்படாதிருப்பின், ஒரு சிலருக்கு இடமளித்த ஒதுக்கீடு எஞ்சியோரின் இழப்பை மறைக்கும் திரையாகிவிடும்.