ஏழையாக இருந்தால் மட்டும் போதாது!

1965 ஜூலை 30. அமெரிக்க அதிபர் ஜான்சன் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்று ஒரே சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் மெடிகெய்ட் கிடைக்க வருமானம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. அரசு உதவித்தொகை வாங்கும் தாய், பிள்ளை, முதியவர், பார்வையற்றவர், மாற்றுத்திறனாளி என்று ஏதாவது ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். பிள்ளையில்லாத கூலித் தொழிலாளி? எவ்வளவு ஏழையானாலும் பெரும்பாலும் வெளியேதான்! (திட்டத்தில் சேர்வதே மாநிலங்களின் இஷ்டம், அரிசோனா 1982-ல்தான் சேர்ந்தது.)

2010-ல் ஒபாமாவின் சட்டம் பட்டியலை விட்டு வருமானத்தைப் பார்த்தது: வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதையும் மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. டெக்சாஸ் ஏற்கவில்லை. கூத்து என்னவென்றால், அங்கே வறுமைக்கோட்டைத் தாண்டியவருக்குத் தனியார் காப்பீடு வாங்க மானியம் உண்டு. அதற்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் கிடையாது.