காய்ச்சலுக்குப் பின் வரும் ஆபத்து



தோட்டத்துத் தமிழர் வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஆண்டு 1918. உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பலிகொண்ட விஷக்காய்ச்சல் அவ்வாண்டில் மலாயாவையும் தாக்கியது. நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களிடையே உயிரிழப்பு கடுமையாக இருந்தது.

கிள்ளான் அதற்கு முன்பே மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் அங்குள்ள சதுப்பு நிலங்களின் நீரை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். ஆனால், மூச்சுக்காற்றில் பரவும் கிருமிக்கு எந்த வாய்க்காலை வெட்டுவது? மனிதரைத் தாக்கும் அக்காய்ச்சலின் நுண்கிருமி 1933இல்தான் பிரித்தறியப்பட்டது.

அன்று பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது காய்ச்சலைத் தொடர்ந்து வந்த நிமோனியா. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரைச் சிதைக்கிறது. தொண்டையில் தங்கியிருக்கும் பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. காற்றறைகளில் சீழ் நிரம்புகிறது. அக்காலத்தில் இறந்தோரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை ஆராய்ந்து, 2008இல் அறிஞர்கள் இதனை உறுதிப்படுத்தினர். பெனிசிலின் கண்டறியப்பட்டதோ 1928இல்; பரவலான பயன்பாட்டுக்கு வந்தது 1940களில். 1918இல் பெரும்பாலும் ஓய்வும் நீராகாரமும் பராமரிப்புமே மருந்து.

1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாத நோயாளிகள் மூச்சுவிட இயலாமல் தவித்தனர். மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அழுத்தி அவர்களுக்குக் காற்றுச் செலுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அதிலிருந்து வளர்ந்ததே.

மீண்டும் கிள்ளானுக்கு வருவோம். 2021 ஜூலையில் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை கோவிட்-19 நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. இம்முறை பலரின் நுரையீரலைச் சிதைத்தது உடலின் எதிர்ப்பாற்றலே அளவுமீறிக் கிளர்ந்ததனால் ஏற்பட்ட அழற்சி. அதனைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான பழைய மருந்து, சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக்சிஜனும், குப்புறப் படுக்கவைத்தலும் பலரைக் காத்தன.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றே. தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலும், மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், "நாளை பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். லயத்தில் மாண்ட நம் முன்னோருக்கு மருந்து இல்லை. நமக்கு உண்டு, உரிய நேரத்தில் மருத்துவமனைக்குச் செல்வதே நம் கடமை.