விவசாயி பேரைச் சொல்லி விற்ற டீசல்

"இத்தனை வருஷம் டீசலுக்கு மானியம் கொடுத்ததே உங்களுக்காகத்தானே?" நகரத்து நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலர் கோபமாகவே கேட்பார்கள். பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கோபம் நியாயம்தான். தன் வரிப்பணத்தில் எங்கள் டிராக்டர் ஓடுது என்று அவர் நினைக்கிறார். ஆனா கணக்கைப் பிரிச்சுப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு. கொஞ்சம் பழசிலிருந்தே சொல்றேன்.

1973 அக்டோபரில் அரபு இஸ்ரேல் போர் வந்தது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் மூணே மாசத்தில் 12 டாலரை நெருங்கியது. இங்கே பெட்ரோல் விலை ஏறியது. அதை எதிர்த்து அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் போனார்.

அன்றைக்கு கார் என்றால் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு. ஊருக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிசயம். பெட்ரோல் வசதிக்காரர் சரக்கு, டீசல் லாரி பஸ் டிராக்டருக்கு, மண்ணெண்ணெய் ஏழை வீட்டு அடுப்புக்கும் விளக்குக்கும் என்று தெளிவாகப் பிரிந்திருந்தது. அதனால் அரசு பெட்ரோலுக்கு வரியைக் கூட்டி, மற்ற இரண்டையும் விலை ஏறாமல் பிடித்து வைத்தது. எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் எழுபதுகளில் அரசு கைக்கு வந்த பிறகு, எந்த எண்ணெய் என்ன விலைக்கு விற்கணும் என்பதை டெல்லியே முடிவு பண்ணியது. ஒன்றில் வந்த லாபத்தை இன்னொன்றின் நஷ்டத்துக்கு ஈடு கட்டுவார்கள். அந்தக் காலத்துக்கு அது தப்பான கணக்கு இல்லை.

டீசல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறும், காய்கறி ஏறும், உழவுக் கூலி ஏறும். "விவசாயி பாதிக்கப்படுவான்" என்ற வார்த்தை இப்படித்தான் டீசலோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் கிணற்றுப் பாசனம் பெரும்பாலும் ஆயில் இன்ஜினை விட்டு மின்சார மோட்டாருக்கு மாறி, 1990ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரமும் வந்துவிட்டது. டீசல் எங்களுக்கு முக்கியமாக உழவுக்கும் அறுவடைக்கும், கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காத இடத்தில் தண்ணி இறைக்கவும்தான் வேணும். ஆனாலும் அந்த வார்த்தை மட்டும் மாறவே இல்லை.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், பங்க்கில் பம்புக்கு ஆள் தெரியாது. டிராக்டர் வந்தாலும் ஊத்தும், கார் வந்தாலும் அதே விலைக்கு ஊத்தும். காரில் டீசல் இன்ஜின் வைக்க முடியாதவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. முதலில் அம்பாசடரில் டீசல் வந்தது, டாக்சிக்காரர்கள் வாங்கினார்கள். 1998 கடைசியில் டாடா இண்டிகா வந்தது. 2007ல் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. சின்னக் குடும்பக் காரிலும் டீசல் புகுந்தாச்சு.

விலைக் கட்டுப்பாட்டை 2002 ஏப்ரலில் எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். கச்சா எண்ணெய் ஏற ஆரம்பித்ததும் அது காகிதத்தோடு நின்றது. 2010 ஜூனில் பெட்ரோலை மட்டும் நிஜமாகவே சந்தை விலைக்கு விட்டார்கள். டீசலைக் கட்டியே வைத்தார்கள். விளைவு, 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு, டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்!

கார் வாங்கப் போன யாராக இருந்தாலும் கணக்குப் போட்டிருப்பார். மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்று வையுங்கள். பெட்ரோல் கார் 15 கிலோமீட்டர் கொடுத்தால் மாசம் 7,300 ரூபாய். டீசல் கார் 20 கொடுத்தால் 3,100 ரூபாய்கூட ஆகாது. டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சம் ரெண்டே வருஷத்தில் திரும்பி வந்துடும். அந்த நிதியாண்டில் இந்தியாவில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசல் ஆனதில் ஆச்சரியம் இல்லை. வாங்கினவரை நான் குறை சொல்ல மாட்டேன். கதவைத் திறந்து வைத்தது அவர் இல்லையே.

அதே 2012-13ல் டீசலை அடக்க விலைக்குக் கீழே விற்றதால் ஆன இழப்பு சுமார் 92 ஆயிரம் கோடி ரூபாய். இந்த டீசலை யார் எரித்தார்கள் என்று பெட்ரோலிய அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவு, நீல்சன் நிறுவனத்தை வைத்துக் கணக்கெடுத்து 2014 ஜனவரியில் வெளியிட்டது. டிராக்டர், பம்ப்செட், அறுவடை மிஷின் எல்லாம் சேர்த்து நாட்டின் மொத்த விவசாயத்துக்குப் போனது சுமார் 13 சதவீதம். சொந்தக் கார்களுக்குப் போனதும் கிட்டத்தட்ட அதே 13 சதவீதம். டாக்சிகளையும் சேர்த்தால் கார்களின் பங்கு 22 சதவீதம். ஏர் ஓட்டுகிறவன் பேரைச் சொல்லிக் கொடுத்த சலுகையில் அவனைவிடக் கார் அதிகம் குடித்திருக்கிறது.

இதைச் சரி பண்ண வழி சொல்லாமலும் இல்லை. 2010லேயே கிரித் பாரிக் குழு, டீசல் கார் ஒவ்வொன்றுக்கும் 80 ஆயிரம் ரூபாய் கூடுதல் வரி போடச் சொன்னது. டிராக்டரையும் லாரியையும் தொடாமல், கார் அனுபவிக்கும் சலுகையை மட்டும் திரும்ப வாங்குகிற யோசனை. அரசு அதை ஏற்கவில்லை. 2013 ஜனவரியில் வேறு வழிக்குப் போனார்கள். மாசம் 50 பைசா வீதம் எல்லாருக்கும் ஏற்றினார்கள். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு ஒரேயடியாகச் சந்தை விலை. அதனால் நம் அரசு பஸ்கள் டிப்போவை விட்டு, வெளியே பங்க்கில் வரிசையில் நின்ற கூத்தும் நடந்தது. 2014 அக்டோபரில் டீசலையும் முழுசா சந்தைக்கு விட்டாச்சு.

அந்தச் சமயம் உலகச் சந்தையில் எண்ணெய் சரிந்துகொண்டிருந்தது. மானியம் போனாலும் விலை இறங்கியிருக்கணும். இறங்கவிடாமல் 2014 நவம்பரில் இருந்து 2016 ஜனவரிக்குள் ஒன்பது தடவை கலால் வரியைக் கூட்டினார்கள். 2014ல் லிட்டர் டீசலுக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த மத்திய வரி, 2020 மே மாதம் 31 ரூபாய் 83 காசு ஆனது. அடுத்த மாதமே டெல்லியில் பெட்ரோலைவிட டீசல் விலை அதிகம் என்ற அதிசயம் முதன்முறையாக நடந்தது. 2021 நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் டீசல் 102 ரூபாயைத் தாண்டியிருந்தது. அப்புறம் வரியை இரண்டு தடவை குறைத்தார்கள். ஆனாலும் பழைய 3 ரூபாய்க்கு அது திரும்பவே இல்லை.

இங்கேதான் கார்க்காரருக்கும் எங்களுக்கும் வித்தியாசம். டீசலில் லாபம் இல்லை என்றானதும் கார்க்காரர் பெட்ரோலுக்குத் திரும்பினார், சிலர் சிஎன்ஜி, மின்சாரம் என்று போனார்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்வதையே நிறுத்தியது. கணக்குப் போட்டு டீசல் கார் வாங்கி, பாதியில் கணக்கு மாறிப் போனவர்களுக்கு நஷ்டம்தான், மறுக்கலை. ஆனா அடுத்த வண்டிக்கு அவர்களுக்கு வேறு வழி இருந்தது. டிராக்டருக்கும் அறுவடை மிஷினுக்கும் இன்னைக்கு வரைக்கும் டீசலை விட்டால் கதி இல்லை.

சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயி டீசலை நேராக வாங்குவதுகூட இல்லை. அவர் மணிக்கணக்குக்கு வாடகை கொடுக்கிறவர். டீசல் ஏறினால் வாடகை 50, 100 என்று ஏறும். டீசல் இறங்கினால் அது இறங்கினதா நான் பார்த்ததில்லை. நெல்லுக்கு விலை வைக்கும் இடத்தில் இந்த ஏற்றத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு வாயும் இல்லை.

அதனால் "பழையபடி டீசலுக்கு மானியம் கொடு" என்று நான் கேட்கலை. எண்ணெய்க்குக் கொடுத்தால் பெரிய டேங்க் வைத்திருப்பவனுக்குத்தான் அதிகம் போகும், நாற்பது வருஷம் பார்த்தாச்சு. ஆளுக்குக் கொடுக்கணும். தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுக்கு இவ்வளவு லிட்டர் என்று அளவு வைத்து வரி இல்லாத டீசல் கொடுக்கிறார்கள். கர்நாடகத்தில் 2022ல் ரைத சக்தி என்று ஏக்கருக்கு 250 ரூபாய், ஐந்து ஏக்கர் வரைக்கும், டீசலுக்காகக் கணக்கில் போடும் திட்டம் கொண்டுவந்தார்கள். 250 ரூபாயில் உழவு முடியாது. ஆனா அந்தக் காசு நிலத்துக்காரன் கைக்கு வரும், எந்தக் காரின் டேங்குக்கும் போகாது.

அடுத்த தடவை டீசல் விலை பற்றிப் பேச்சு வந்து, யாராவது விவசாயி பேரை எடுத்தால், ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: அதில் எத்தனை லிட்டர் வயலுக்குப் போகுது?