சாய்வை அளந்தவர்கள்

பூமியின் அச்சு இன்று ஏறக்குறைய 23 பாகை 26 கலை சாய்ந்திருக்கிறது. பருவங்கள் மாறுவதும் பகல் நீண்டு குறுகுவதும் இந்தச் சாய்வினால்தான். 'இதையெல்லாம் எங்கட ஆக்கள் அன்றைக்கே கண்டுபிடிச்சிட்டாங்க' என்பது நம் மேடைகளில் பழகிப்போன பேச்சு. அவர்கள் உண்மையில் செய்ததைச் சற்று நின்று பார்த்தால், பெருமைப்பட வேண்டிய இடம் வேறு என்பது புரியும்.

அன்றைய வானியலாளரில் பெரும்பாலோர் பூமி அசையாமல் நிற்பதாகவே கருதினர். வானில் சூரியன் செல்லும் ஆண்டுப் பாதை நடுக்கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையே அவர்கள் அளந்தனர். கோணம் ஒன்றுதான், விளக்கம்தான் வேறு. உச்சிவேளைச் சூரியனின் உயரத்தை ஜூனிலும் டிசம்பரிலும் அளந்து, வித்தியாசத்தைப் பாதியாக்கினால் அது கிடைத்துவிடும்.

கிரேக்கரான தொலமி 23 பாகை 51 கலை என்று எழுதிவைத்திருந்தார். கலீபா மஃமூன் காலத்துப் பக்தாதில் 23 பாகை 33 கலை கிடைத்தது. றக்காவில் அல்-பத்தானி 23 பாகை 35 கலை கண்டார்.

ஹிஜ்ரி 384இல், அதாவது கி.பி. 994இல், இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரை நகரில் அல்-குஜந்தி ஒரு மாபெரும் கருவியைக் கட்டினார். இருட்டறை, கூரையில் ஒரு துவாரம், கீழே சுமார் 20 மீற்றர் ஆரையுள்ள வில். ஆட்சியாளர் பக்ருத் தௌலாவின் பெயரால் அது 'ஸுதுஸுல் பக்ரீ' எனப்பட்டது. அவருக்குக் கிடைத்த விடை 23 பாகை 32 கலை 19 விகலை. இந்தியர் 24 பாகை என்றனர், தொலமியின் அளவோ அதிலும் குறைவு, தன்னுடையது இன்னும் குறைவு. எனவே சாய்வு காலத்தோடு குறைந்து வருகிறது என்றார் குஜந்தி.

கருவி செய்வதில் குஜந்தி இணையற்றவர் என்று மதித்தவர் அல்-பிரூனி. ஆனாலும் அந்த அளவை அவர் ஏற்கவில்லை. இரண்டு அவதானிப்புகளுக்கும் இடையில் கட்டடம் இறங்கி, துவாரம் ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்துவிட்டது என்று காரணமும் காட்டினார். 23 பாகை 35 கலையையே அவர் கொண்டார்.

இன்றைய கணிப்பில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. சாய்வு நூற்றாண்டுக்குச் சுமார் 47 விகலை குறைவது உண்மை. சுமார் 41,000 ஆண்டுச் சுழற்சியில் அது 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே ஊசலாடுகிறது. ஆனால் 994இல் இருந்திருக்க வேண்டிய அளவு சுமார் 23 பாகை 34 கலை. குஜந்தியின் முடிவு சரி, அளவு பிழை. பிரூனியின் சந்தேகமும் சரிதான். பின்னர் சமர்கந்தில் உலூக் பேக் 23 பாகை 30 கலை 17 விகலை என்று கண்டார். அதில் பிழை அரைக் கலை அளவுதான்.

பெரியவர் சொன்னார் என்பதற்காக அவர்கள் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மரியாதையும் குறையவில்லை, கேள்வியும் நிற்கவில்லை. 'எல்லாம் நாங்கள்தான்' என்று சொல்லும் பிள்ளைகளை வளர்ப்பது இலகு. ஒரு சாண் இறக்கத்தையும் கவனிக்கும் பிள்ளைகளை வளர்ப்பதே அந்த முன்னோருக்கு நாம் செய்யும் மரியாதை.